கதை நம்மளுது... காசு யாருது?

— இறுதியாண்டு மாணவன், எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு



டிரான்ஸ்ஃபார்மருக்கு பிரைமரி, செகண்டரி என்று இரண்டு பக்கம் இருப்பதுபோல சினிமாவுக்கும் இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் காசு, இன்னொரு பக்கம் கதை. இரண்டையும் சேர்க்கிற கம்பி எதுவும் நம் கண்ணுக்குத் தெரியாது. ஆனாலும் அங்கே ஏற்றினால் இங்கே ஏறும். அங்கே கட் ஆனால் இங்கே இருட்டு!

கதைப் பக்கத்தைப் பற்றி நாம் ஹாஸ்டல் மொட்டை மாடியில் ராத்திரி ஒரு மணி வரை பேசுவோம். கிளைமாக்ஸ் எப்படி, பி.ஜி.எம். எப்படி, இன்டர்வெல் பிளாக் எப்படி என்று அலசித் தள்ளுவோம். "இதுக்குக் காசு போட்டது யாரு? ஏன் போட்டாங்க?" என்று மட்டும் கேட்க மாட்டோம். இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

பெரிய ஸ்டார், பெரிய பேனர் எதுவும் இல்லாமல் சொந்தக் கதையைச் சொந்த பாணியில் எடுக்கிறவர்களை சுயாதீனப் படைப்பாளிகள் என்கிறார்கள். அவர்களுக்கு இன்று முக்கியமாக இரண்டு இடத்திலிருந்து பணம் வருகிறது. ஒன்று, கார், பால், துணி என்று ஏதோ ஒரு சரக்கை விற்கிற பிராண்டு கம்பெனிகள். மற்றொன்று, ஸ்ட்ரீமிங் என்கிற ஓ.டி.டி. நிறுவனங்கள். இந்தப் பணம் எப்படி வருகிறது, வரும்போது கூடவே எதைக் கேட்கிறது? வாருங்கள், பார்ப்போம்.

தோல் கம்பெனியும் தேயிலை வாரியமும்

கம்பெனிக்காரன் படத்துக்குக் காசு போடுவது யூடியூப் காலத்து வழக்கம் என்று பலர் நினைக்கிறோம். அதுதான் இல்லை! 1922-இல் வெளிவந்த 'நானூக் ஆஃப் த நார்த்' ஆவணப்பட வரலாற்றில் முதல் வரிசையில் வைக்கப்படும் படம். ராபர்ட் ஃபிளாஹர்ட்டி எடுத்தார். வட கனடாவின் பனிப் பிரதேசத்தில் வாழும் இனுயிட் மக்களின் வாழ்க்கைதான் கதை. பணம் போட்டது யார் தெரியுமா? ரெவில்லான் ஃபிரேர் என்கிற பிரெஞ்சுத் தோல் வியாபாரக் கம்பெனி! மிருகங்களின் மென்மயிர்த் தோலை வாங்கி விற்பவர்கள். அதே ஃபிளாஹர்ட்டி 1948-இல் எடுத்த 'லூசியானா ஸ்டோரி'க்குப் பணம் தந்தது ஸ்டாண்டர்டு ஆயில் என்கிற எண்ணெய்க் கம்பெனி.

நம் பக்கத்து வீட்டு உதாரணமும் உண்டு. 1934-இல் பேசில் ரைட் இயக்கிய 'சாங் ஆஃப் சிலோன்' இலங்கையில் எடுக்கப்பட்டது. சிலோன் தேயிலைப் பிரசார வாரியம் காசு கொடுத்தது. "எங்க டீயைக் குடிங்க" என்று சொல்லத்தான் கொடுத்திருப்பார்கள். ஆனால் படத்தில் பாதிக்கு மேல் மலையேறும் யாத்திரிகர்கள், புத்தர் சிலைகள், நடனம், அன்றாட உழைப்பு. தேயிலை விளம்பரமாக அதை இன்று யாரும் பார்ப்பதில்லை. படமாகத்தான் பார்க்கிறார்கள்.

இரண்டு ரூபாய் தயாரிப்பாளர்கள்

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் 'மந்தன்'. 1976-இல் வந்த ஹிந்திப் படம், இயக்கியவர் ஷியாம் பெனகல். கிரீஷ் கர்னாட், ஸ்மிதா பாட்டீல், நஸ்ருதீன் ஷா நடித்தார்கள். தயாரிப்பாளர் ஒருவர் அல்ல, ஐந்து லட்சம் பேர்! குஜராத் கூட்டுறவுப் பால் விற்பனைக் கூட்டமைப்பைச் சேர்ந்த விவசாயிகள் ஆளுக்கு 2 ரூபாய் கொடுத்தார்கள். 5,00,000 பெருக்கல் 2, கால்குலேட்டர் தேவையில்லை. 10 லட்சம் ரூபாய்! நாம் அமுல் என்று கூப்பிடுகிறோமே, அந்தப் பிராண்டின் சொந்தக்காரர்கள் இந்த விவசாயிகள்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பால் கூட்டுறவைப் பற்றிய படம், கூட்டுறவுக்காரர்களே பணம் போட்ட படம். "எல்லாம் சுபம், பால் ஆறாக ஓடியது" என்று முடித்திருக்கலாம். அப்படி முடிக்கவில்லை. ஊருக்குள் இருக்கும் சாதிச் சண்டை, தனியார் பால் பண்ணைக்காரரின் சூழ்ச்சி, சங்கத் தேர்தலில் வரும் பகை எல்லாம் படத்தில் இருக்கின்றன. கடைசியில் கதாநாயகனான டாக்டர் ஊரை விட்டே போகிறார். காசு போட்டவர்கள் தங்கள் வீட்டு அழுக்கையும் காட்ட விட்டார்கள். அதனால்தான் 2024-இல், சுமார் 48 வருஷம் கழித்து, புதுப்பிக்கப்பட்ட பிரதி கான் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. வெறும் விளம்பரமாக எடுத்திருந்தால் 48 மாசம்கூட நின்றிருக்காது.

கார் கம்பெனி எடுத்த எட்டுப் படங்கள்

2001-க்கு வருவோம். வீடுகளில் இன்டர்நெட் ஆமை வேகத்தில் போய்க்கொண்டிருந்த காலம். பி.எம்.டபிள்யூ கார் கம்பெனி 'த ஹயர்' என்ற பெயரில் குறும்படங்களை இன்டர்நெட்டில் இலவசமாக வெளியிட்டது. இரண்டு சீசனில் மொத்தம் எட்டுப் படங்கள். எல்லாவற்றிலும் கிளைவ் ஓவன்தான் டிரைவர். இயக்கியவர்கள் ஆங் லீ, வாங் கார்-வாய், கை ரிட்சி, இன்யாரிட்டு, ஜான் வூ என்று ஜாம்பவான்கள்! டி.வி.யில் 30 செகண்டு விளம்பரத்தை ஜனங்கள் ரிமோட்டால் தாண்டிப் போகிறார்கள். நல்ல கதையாக இருந்தால் தேடி வந்து பார்ப்பார்கள் என்பதுதான் கணக்கு. கணக்கு பலித்தது.

இந்தியாவில் இதே வழியில் போனவர்கள் டி.வி.எஃப். 2014-இல் 'பெர்மனென்ட் ரூம்மேட்ஸ்' என்ற யூடியூப் தொடருக்கு வீடு தேடித் தரும் காமன்ஃப்ளோர் இணையதளம் ஸ்பான்ஸர். 2016-இல் 'டிரிப்ளிங்' தொடருக்கு டாடா டியாகோ கார். அண்ணன், தங்கை, தம்பி மூன்று பேரும் காரில் ஊர் சுற்றுகிற கதை. கதைக்கே கார் தேவை என்பதால் டியாகோ வந்து நின்றது யாருக்கும் உறுத்தவில்லை. இப்படி வளர்ந்த அதே நிறுவனம்தான் 2020-இல் அமேசான் பிரைமுக்கு 'பஞ்சாயத்' எடுத்தது. ஆக, பிராண்டு காசு ஏணியாகவும் இருக்கலாம்.

ஸ்பான்ஸரில் மூன்று ஜாதி

எனக்குத் தெரிந்தவரை, ஸ்பான்ஸர்களை மூன்று விதமாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, 'பேர் மட்டும் போடு' ஸ்பான்ஸர். கதையில் தலையிட மாட்டார்கள். ஆரம்பத்தில் அவர்கள் பெயர் வந்தால் போதும். ராயல் ஸ்டாக் பெயரில் வரும் 'லார்ஜ் ஷார்ட் ஃபிலிம்ஸ்' இந்த வகை. சுஜய் கோஷின் 'அஹல்யா' 2015-இலும், நீரஜ் கேவானின் 'ஜூஸ்' 2017-இலும் இதன் வழியாகத்தான் வந்தன. 'ஜூஸ்' படத்தைக் கட்டாயம் பாருங்கள். ஆண்கள் கூலர் காற்றில் உட்கார்ந்து அரட்டை; பெண்கள் அடுப்படி வெக்கையில் வேர்த்துக் கொட்டுகிறார்கள். ஷெஃபாலி ஷா கடைசியில் ஒரு கிளாஸ் ஜூஸை எடுத்துக்கொண்டு கூலர் முன்னால் வந்து உட்கார்கிறார். பேச்சே இல்லை, பார்வை மட்டும்!

ஆனால் இதிலும் ஒரு உள்குத்து உண்டு. நம் நாட்டு டி.வி.யில் மது விளம்பரம் கூடாது என்பது சட்ட விதி. அதனால் மது பிராண்டுகள் இசை, விளையாட்டு, குறும்படம் என்று வேறு வாசல் வழியாகத் தங்கள் பெயரை நம் காதில் போடுகின்றன. படம் தரமானதுதான். பணம் ஏன் வந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

இரண்டாம் வகை, 'என் கொள்கையைப் பேசு' ஸ்பான்ஸர். படகோனியா என்கிற அமெரிக்கத் துணிக் கம்பெனி 2014-இல் 'டேம்நேஷன்' என்ற ஆவணப்படத்தைத் தயாரித்தது. பயனில்லாமல் போன பழைய அணைகளை இடித்து ஆற்றை ஓட விட வேண்டும் என்று வாதாடும் படம். சிவில் பிரிவு நண்பர்கள் பார்த்தால் சண்டைக்கு வருவார்கள், ஆனாலும் பார்க்க வேண்டும்! "எங்க சட்டையை வாங்குங்க" என்ற பேச்சே கிடையாது.

மூன்றாம் வகை, 'என் சரக்கைக் காட்டு, நல்லபடியா காட்டு' ஸ்பான்ஸர். நமக்கெல்லாம் பெரும்பாலும் கிடைப்பது இவர்தான். போன வருஷம் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து 12 நிமிஷக் குறும்படம் ஒன்று எடுத்தோம். நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் அண்ணன் விபத்தில் இறந்துபோகிறான். அவன் படிக்க வைத்த தம்பியின் கதை. டூ வீலர் விற்கிற ஒரு கடைக்காரர் 5,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். ஊர், பேர் வேண்டாம். கதையைக் கேட்டார். "தம்பி, எல்லாம் நல்லா இருக்கு. ஆனா வண்டி கீழே விழக் கூடாது" என்றார். வண்டி விழாவிட்டால் கதையே இல்லையே! "அப்படின்னா அண்ணனுக்கு ஜுரம் வந்து போகட்டும்" என்றார். கும்பிடு போட்டுவிட்டு வந்தோம். ஆளுக்கு 800 ரூபாய் போட்டு 4,000 ரூபாயில் முடித்தோம். மைக் வாடகை, பெட்ரோல், டீ, பரோட்டா எல்லாம் அதில் அடக்கம்.

அவர்மேல் கோபமில்லை. அவருடைய தொழில் வண்டி விற்பது. ஆனால் ஒன்று புரிந்தது. ஸ்பான்ஸர் கதையை எழுத மாட்டார். கதையில் எது நடக்கக் கூடாது என்று மட்டும் சொல்வார். அதுவே கதையை மாற்றிவிடும்.

ஓ.டி.டி. கடையில் மூன்று கவுண்டர்

இப்போது அடுத்த ஆள், ஸ்ட்ரீமிங். நெட்ஃபிளிக்ஸ் 1997-இல் தொடங்கியது. அப்போது வேலை, டி.வி.டி.யைத் தபாலில் அனுப்புவது. 2007-இல்தான் ஸ்ட்ரீமிங். 2013-இல் 'ஹவுஸ் ஆஃப் கார்ட்ஸ்' வந்த பிறகு சொந்தத் தயாரிப்பு சூடு பிடித்தது. பிறகு அமேசான், ஆப்பிள், சோனி லிவ் என்று வரிசை நீண்டது. சினிமா ரசிகர்களுக்கென்றே மூபி போன்ற தளங்களும் உண்டு. இவர்களிடம் பணம் வாங்க மூன்று கவுண்டர் இருக்கின்றன.

1. ஆர்டர் கவுண்டர்: கதையை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, எடுக்கிற செலவு முழுவதையும் அவர்களே தருவார்கள். மேலே ஒரு லாபமும் உண்டு. படைப்பாளிக்குக் கடன் பயம் இல்லை. பதிலுக்கு உரிமை பெரும்பாலும் மொத்தமாக அவர்களுக்குப் போய்விடும். படம் உலகம் பூராவும் ஓடினாலும் பேசின தொகைதான்.

2. விற்பனை கவுண்டர்: நாம் எடுத்து முடித்த படத்தை அவர்கள் வாங்குவார்கள். சில வருஷத்துக்கு லைசென்ஸாகவும் இருக்கலாம், மொத்தமாகவும் இருக்கலாம். 2021-இல் சன்டான்ஸ் விழாவில் 'கோடா' படத்தை ஆப்பிள் 2.5 கோடி டாலருக்கு வாங்கியது. காது கேளாத குடும்பத்தில் காது கேட்கும் ஒரே பெண்ணின் கதை. 2022-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர்! ஸ்ட்ரீமிங் நிறுவனம் வெளியிட்ட படம் அந்த விருதை வாங்கியது அதுவே முதல் தடவை.

3. உண்டியல் கவுண்டர்: படத்தை நாமே ஏற்றிவிட வேண்டும். பார்க்கிற ஆளைப் பொறுத்துக் காசு விழும். அமேசான் 2016-இல் இப்படி ஒரு திட்டம் ஆரம்பித்தபோது, அமெரிக்காவில் ஒரு மணி நேரம் பார்க்கப்பட்டால் 15 சென்ட் தந்தது. கணக்குப் போடுங்கள்: 15 நிமிஷப் படத்தை 4,000 பேர் முழுசாகப் பார்த்தால் 1,000 மணி நேரம், 150 டாலர். யூடியூபில் நீளமான வீடியோவுக்கு விளம்பர வருமானத்தில் 55 சதவீதம் படைப்பாளிக்கு. ஆனால் அந்தப் பங்கு வர ஆரம்பிக்க, 1,000 சந்தாதாரர்களும் ஒரு வருஷத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அதே 15 நிமிஷப் படம் என்றால் 16,000 பேர் முழுசாகப் பார்க்க வேண்டும். குறுவீடியோவுக்குக் கணக்கு வேறு.

ஆறு பல்லும் ஒரு ஒப்பந்தமும்

ஆர்டர் கவுண்டரின் நல்லது கெட்டது இரண்டையும் ஒரே கதையில் சொல்லலாம். கொரியாவின் ஹ்வாங் டாங்-ஹியுக் 'ஸ்குவிட் கேம்' கதையை 2009 வாக்கில் எழுதி முடித்தார். கடனில் மூழ்கியவர்கள் உயிரைப் பணயம் வைத்துக் குழந்தை விளையாட்டு ஆடுகிற கதை. "இது நடக்குமா? ரொம்பக் கொடூரம்" என்று சுமார் பத்து வருஷம் யாரும் காசு போடவில்லை. கடைசியில் நெட்ஃபிளிக்ஸ் போட்டது. எடுக்கும்போது டென்ஷனில் ஆறு பல் விழுந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்!

2021-இல் வெளிவந்து உலகத்தையே கலக்கியது. வெளியே கசிந்த கம்பெனிக் கணக்கின்படி செலவு சுமார் 2.14 கோடி டாலர். நெட்ஃபிளிக்ஸ் தனக்குக் கிடைத்ததாக மதிப்பிட்டது சுமார் 90 கோடி டாலர். ஆனால் முதல் சீசன் ஒப்பந்தத்தில், ஓடினால் கூடுதல் பங்கு என்ற ஷரத்தே கிடையாது. பேசின தொகையோடு சரி.

நியாயமா, அநியாயமா? வைவாவில் கேட்டால் நான் இரண்டு பக்கமும் பேசுவேன். ரிஸ்க் எடுத்தது கம்பெனி. அவர்கள் இல்லாவிட்டால் கதை மேஜை டிராயரிலேயே கிடந்திருக்கும். அதே சமயம், பத்து வருஷம் அந்தக் கதையைச் சுமந்தவருக்கு வெற்றியில் பங்கு இல்லை என்பதும் உறுத்துகிறது. "காசு வருதா?" என்பதோடு "என்ன கையெழுத்துப் போடறோம்?" என்றும் கேட்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

கதவு திறக்கும், மூடவும் செய்யும்

முதுமலை தெப்பக்காட்டில் எடுக்கப்பட்ட 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்', கார்த்திகி கோன்சால்வ்ஸ் இயக்கிய சுமார் 40 நிமிஷ ஆவணப்படம். யானைக் குட்டியை வளர்க்கும் ஒரு தம்பதியின் கதை. 40 நிமிஷப் படத்துக்கு எந்தத் தியேட்டரில் டிக்கெட் கிழிப்பார்கள்? 2022-இல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. 2023-இல் ஆஸ்கர் வாங்கியது.

இதற்கு மறுபக்கம் 'கூழாங்கல்'. மேலூர்ப் பக்கத்து வெயிலில், பி.எஸ். வினோத்ராஜ் எடுத்த முதல் படம். 2021 பிப்ரவரியில் ரோட்டர்டாம் விழாவின் டைகர் விருது; தமிழ்ப் படம் ஒன்று அதை வாங்கியது அதுவே முதல் முறை. இந்தியாவின் ஆஸ்கர் பரிந்துரையாகவும் போனது. இவ்வளவு புகழ் கிடைத்தும், நாம் வீட்டில் பார்க்க சோனி லிவ் தளத்தில் வந்தது 2023 அக்டோபரில். இரண்டரை வருஷத்துக்கு மேல்! விருது கதவைத் தட்டும், அவ்வளவுதான். திறப்பது வாங்குகிறவர் கையில்.

திறந்த கதவு மூடியதும் உண்டு. மேலே சொன்ன அமேசான் உண்டியலில், யார் வேண்டுமானாலும் குறும்படம், ஆவணப்படம் அனுப்பலாம் என்ற வழி 2021-இல் நிறுத்தப்பட்டது. 2022-இல் அமெரிக்காவின் எச்.பி.ஓ. மேக்ஸ் தளம் செலவைக் குறைக்கிறேன் என்று தன் சொந்தத் தொடர்கள் பலவற்றையே தளத்திலிருந்து எடுத்துவிட்டது. டி.வி.டி.யும் வராத படைப்பு என்றால், எடுத்தவரே தன் படத்தைக் காட்ட வழியில்லை!

சட்டம் என்ன சொல்லுது?

இது போரடிக்கும் பகுதி மாதிரி தெரியும். தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-இல் நமக்கு வேண்டியது நாலே விஷயம்.

ஒன்று: ஒருவர் பணம் கொடுத்து "எனக்கு ஒரு படம் எடுத்துத் தா" என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் படத்தின் முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான், எடுத்த நாம் அல்ல. வாய்ப்பேச்சில் ஸ்பான்ஸர் வாங்கினால் இதுதான் ஆபத்து.

இரண்டு: படத்துக்குள் இருக்கும் கதை, பாட்டு ஆகியவற்றை எழுதியவருக்கு உரிமை தனியாக உண்டு என்று 2012 திருத்தம் உறுதி செய்தது. தியேட்டர் தவிர்த்த மற்ற வழிகளில் படம் பயன்படும்போது வரும் ராயல்டியை எழுத்தாளர் விட்டுக்கொடுத்ததாக எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது.

மூன்று: உரிமையை எழுதிக் கொடுக்கும்போது எத்தனை வருஷம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம் என்று பொருள். எந்த இடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும்.

நான்கு: வாங்கியவர் ஒரு வருஷம் வரை அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை, அது காலாவதியாகிவிடும்.

அதனால் நண்பர்களே, 1,000 ரூபாய் ஸ்பான்ஸராக இருந்தாலும் ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். "படத்தின் உரிமை எடுத்தவர்களுக்கே. கடையின் பெயர் ஆரம்பத்தில் 5 செகண்டு வரும். கதையில் மாற்றம் கேட்கக் கூடாது." மூன்று வரி போதும்! லேப் ரெக்கார்டுக்கு எத்தனை கையெழுத்துக்கு அலைகிறோம்? இதற்கு ஒன்று வாங்க மாட்டோமா?

நம் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள்

பிராண்டு காசும் வேண்டும், ஓ.டி.டி. காசும் வேண்டும். இரண்டையும் வெறுப்பவன் அல்ல நான். ஆனால் முதல் படத்துக்கு, யாரும் "வண்டி விழக் கூடாது" என்று சொல்லாத ஒரு காசு வேண்டும். அதை யார் தருவார்கள்?

குஜராத் விவசாயிகள் வழி காட்டியிருக்கிறார்களே! நம் கல்லூரியில் மூன்று வருஷமும் சேர்த்து சுமார் 900 பேர் இருக்கிறோம். ஆளுக்கு 20 ரூபாய், ஒரு டீயும் வடையும். மொத்தம் 18,000 ரூபாய். எங்கள் படத்தின் கணக்குப்படி நாலு குறும்படம் எடுக்கலாம். மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் என்று பிரிவுக்கு ஒன்று. கதையை மாணவர் குழு தேர்ந்தெடுக்கட்டும். கணக்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும். ஆண்டு விழாவுக்கு முதல் நாள் செமினார் ஹாலில் நாலையும் திரையிடலாம். டைட்டில் கார்டில் ஒரே ஒரு வரி: "தயாரிப்பு: 900 மாணவர்கள்."

அடுத்த ஆண்டு மன்றப் பொறுப்புக்கு வரும் தம்பி, தங்கைகளே, நான் அப்போது இங்கே இருக்க மாட்டேன். ஆனால் என் 20 ரூபாய் வந்து சேரும். வசூலை ஆரம்பியுங்கள்!